ஆளுக்கு ஆறு மாதம் கேடயம்

என் அண்ணன் பொன்னழகு ஆடிய கல்லூரி அணி ஒரு வருஷம் முழுக்க ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு வயிறு பற்றி எரிகிறது. தோற்காமல் இருந்தது அத்தனை பெரிய காரியமா? நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் கன்னிவாடிப் பக்கம். கிணறு வற்றியதும் எங்கள் அய்யா சோலைமுத்து எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து தோல் பதனிடுகிற ஷாப்பில் சேர்ந்தார். ஆத்தா அதற்கு முன்பே செத்துப்போய்விட்டாள். அய்யாவுக்குக் கிடைத்தது சுண்ணாம்புக் குழி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, முடி கழலும்வரை வெறுங்காலோடு உள்ளே நின்று மிதித்துப் புரட்ட வேண்டும். சுண்ணாம்பு தோலுக்குத் தோல் வித்தியாசம் பார்க்குமா? மாட்டுத்தோலைத் தின்கிற மாதிரியே மனுஷன் தோலையும் தின்றது. முதலில் விரலிடுக்கு வெளுத்தது, பிறகு நகம் போனது, அறுபத்தாறாம் வருஷம் அய்யாவால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

நாங்கள் குடியிருந்தது ஷாப்புக்காரர் வீடு. வீட்டில் ஒரு ஆள் குழியில் இறங்கினால்தான் அந்த வீடு. ஒருநாள் மேஸ்திரி வாசலில் நின்று, "சோலைமுத்து, தைப்பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்குள்ள மகன எறக்கிரு. இல்லாட்டி வீட்டக் காலி பண்ணிக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசி கிடைக்காமல் ஊரே மக்காச்சோளம் தின்ற வருஷம் அது. நாங்கள் எங்கே போவோம்?

அய்யா பிடிவாதமாக இருந்தார். "தெருவுல கெடந்தாலும் கெடப்பேன். அந்தக் குழியில எம்புள்ள காலு படக்கூடாது" என்றார்.

அந்தக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனைக் கல்லூரியில் சேர்த்ததே அந்தக் காலுக்காகத்தான். புதுசாகத் தொடங்கிய சின்னக் கல்லூரி. நாலு ஓட்டுக்கட்டிடமும் ஒரு மைதானமும்தான் இருந்தன. அணியில் ஒருவனுக்கும் பூட்ஸ் கிடையாது. என் பழைய சேலையைக் கிழித்து நான் சுருட்டித் தரும் துணியைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு அண்ணன் இடது ஓரத்தில் ஓடுவான். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் எதிரே நிற்கிறவன் பாடு பரிதாபம். இந்தப் பக்கம் போவது போல் இடுப்பை ஒடித்து அந்தப் பக்கம் போய்விடுவான். எதிரே நின்றவன் தரையில் உட்கார்ந்து பந்தைத் தேடிக்கொண்டிருப்பான். பழனி, பெரியகுளம், தேனி என்று வந்த அணிகளெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பின.

கேப்டன் உடையப்பன் ஆத்தூர்க்காரன். தென்னந்தோப்பும் வயலும் உள்ள வீட்டுப் பிள்ளை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்தால் அண்ணன் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய் வயிறு நிறையப் புரோட்டா வாங்கித் தருவான். ஆனால் ஜெயிக்க ஜெயிக்க அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "தோக்காத டீம்லே நாம" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அந்தப் பேருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் மலையடியில் சூடம் கொளுத்தினான். கடைசியில் ஆட்டத்தைவிடப் பேருதான் அவனுக்குப் பெருசாகிப்போனது.

ஐப்பசியில் மதுரையிலிருந்து ஒரு நல்ல சேதி வந்தது. அங்கே ஒரு மில்லில் கால்பந்து அணி உண்டு. ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலை, குடியிருக்க லைன் வீடு. அந்த அணியின் மேனேஜர் அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டு, "கேடயப் போட்டி பைனலுக்கு வாரேன். ஆட்டத்தக் கண்ணால பாக்காம நான் யாரையும் எடுக்கிறதில்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அய்யா அன்றைக்குத்தான் பல மாதம் கழித்துச் சிரித்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு ஆட்டம். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அண்ணன் ஆடினால் போதும்.

பைனல் கார்த்திகையில் வந்தது. எதிரே ஆட மதுரையிலிருந்து வேறொரு கல்லூரி அணி வந்திருந்தது. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். வயசுப்பெண் பந்தாட்டம் பார்க்கப் போவதாவது என்று பக்கத்து வீட்டு ஒச்சாயி முகவாயில் கை வைத்தாள். போடி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஆட்டம் தொடங்கிச் செத்த நேரம்தான். அண்ணன் காலுக்குப் பந்து ஒழுங்காக வரவே இல்லை, அதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்மூடித் திறப்பதற்குள் மைதானம் குளமாகிவிட்டது. நடுவர் ஊதிவிட்டார். எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஓடினார்கள். அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார் மேனேஜர். ரயில் தாமதமாம்! குடையும் கையுமாக நின்று மைதானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

போட்டி நடத்துகிறவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். "நாளைக்கு மறுபடி ஆடுறீகளா? இல்ல, ரெண்டு டீமும் ஜெயிச்சதா வச்சுக்கிட்டு ஆளுக்கு ஆறு மாசம் கேடயத்த வச்சுக்கிறீகளா?"

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் அது வழக்கம்தான். மதுரைக்காரர்களுக்கு ராத்திரி ரயிலைப் பிடிக்கிற அவசரம்; உடனே தலையாட்டிவிட்டார்கள். உடையப்பன் முகத்தில் மழையையும் மீறி ஒரு வெளிச்சம்.

அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "உடையப்பா, நாளைக்கு ஆடுவோம்டா. மேனேஜர் வந்துருக்காருடா."

"இருந்து பாக்கச் சொன்னா இருக்கேன் தம்பி" என்றார் மேனேஜரும். "நாளைக்கு மத்தியான வண்டிக்குப் போனாப் போதும்."

உடையப்பன் அண்ணனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "ஏலே, ஆடித் தோத்துட்டா? ஒரு வருசமாக் கட்டிக் காத்த பேருலே! இம்புட்டுத் தூரம் வந்துட்டுப் பேரக் கெடுக்கச் சொல்றியா?"

"தோத்தாத் தோத்துட்டுப் போறோம்டா! எனக்கு ஆடணும்டா."

"வாயக் கழுவுலே" என்றான் உடையப்பன். மற்றவர்களும் அண்ணனை முறைத்தார்கள், ஏதோ துரோகம் செய்தவனைப் போல.

நான் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவே உடையப்பன் காலில் விழுந்தேன். "அண்ணே, நாளைக்கு ஒரு நாளு ஆடுங்கண்ணே. இல்லாட்டி எங்க அண்ணன் குழியில எறங்கணும்ணே" என்றேன். அவன் பதறிப்போய், "என்ன தங்கச்சி இது, எந்திரி, எந்திரி" என்றான். "மேனேஜர் இன்னொரு தடவ வருவாரும்மா. எங்க ஓடிப்போகப் போறாரு?" என்றான். நாணயத்தைச் சுண்டினார்கள். முதல் ஆறு மாதம் மதுரைக்கு விழுந்தது. இருந்தாலும் அன்றைக்கு ஊர்வலம் போகக் கேடயத்தைச் செத்த நேரம் இரவல் வாங்கி லாரியில் ஏற்றினார்கள். "தோக்காத டீம்! தோக்காத டீம்!" என்று கத்திக்கொண்டு மழையிலேயே போனார்கள். அடப்பாவிகளா!

மேனேஜர் ஜட்காவில் ஏறப்போனார். அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். "சார், ஒரு அஞ்சு நிமிசம் பாருங்க சார்" என்று கெஞ்சிவிட்டுச் சேற்றில் பந்தை உருட்டிக்கொண்டு போனான். பந்து சகதியில் நின்று நின்று போனது.

"தனியா ஓடுறதுல என்னத்தத் தம்பி பாக்குறது? எதுக்க ஆளு நிக்கணும்ல" என்றார் அவர்.

ஆளுக்கு எங்கே போவது? எல்லோரும் லாரியில். கத்தல் நாகல் நகர்ப் பக்கம் கேட்டது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கி அண்ணன் எதிரே நின்றேன்.

"வாண்ணே. என்னயத் தாண்டிப் போ."

"போத்தா அங்கிட்டு."

"வாண்ணே! பொங்கலுக்கு இன்னும் எம்புட்டு நாளு இருக்கு? வா!"

வந்தான். வேகமாகத்தான் வந்தான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நானும் விடக்கூடாதென்று குறுக்கே பாய்ந்தேன். சேறு வழுக்கி அவன் காலுக்கு நேராக விழப்போனேன். ஒரு எட்டு வைத்தால் தாண்டிப் போயிருப்பான். என் மூஞ்சி போயிருக்கும். அப்படியே பந்தை விட்டுவிட்டு நின்று என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். பந்து எங்கேயோ உருண்டு போனது.

மேனேஜர் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி, "நல்ல புள்ளைக" என்றார். "அடுத்த வருசம் ஆட்டம் இருந்தாச் சொல்லியனுப்புங்க தம்பி." ஜட்கா போய்விட்டது.

தைப்பொங்கல் கழிந்த மறுநாள் அண்ணன் குழியில் இறங்கினான். அய்யா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் கல்லூரி ஆடியது, அண்ணன் இல்லை. சொல்லியனுப்ப எங்களிடம் ஆட்டமும் இல்லை.

பைனல் நடந்து ஆறு மாதம் கழித்துக் கேடயம் திண்டுக்கல்லுக்கு வந்தது. போட்டோ பிடிக்கிறோம் என்று உடையப்பனே வீட்டுக்கு வந்து அண்ணனைக் கூட்டிப்போனான். நானும் கூடப் போனேன். கேடயத்தை நடுவில் வைத்து, "ஆடுன மாதிரியே வெறுங்காலோட உக்காருங்க" என்றார் போட்டோக்காரர். அண்ணன் நைசாகப் பின்வரிசைக்குப் போனான். உடையப்பன் விடவில்லை. "நீ இல்லாம ஏதுலே இந்தக் கேடயம்? முன்னால வாலே" என்று இழுத்து உட்கார வைத்து, செருப்பையும் அவனே கழற்றினான்.

கழற்றியவன் கை அப்படியே நின்றது. நகமில்லாத விரல்கள், வெந்து வெளுத்த தோல், இடுக்கில் புண். போட்டோக்காரர்கூடக் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துவிட்டார்.

"பொன்னழகு…" என்றான் உடையப்பன். அவன் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் கேடயத்தை எட்டித் தன் பக்கம் இழுத்தான். தூக்கிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அதைப் பாதத்துக்கு முன்னால் நிறுத்தி, கால் தெரியாதபடி மறைத்துக்கொண்டு, "எடுங்க சார்" என்றான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். "ஒரே ஒரு தடவ தோத்திருந்தா என்னங்கடா கொறஞ்சு போயிருப்பீக?"