அக்கா தேர்ந்தெடுத்த ஐஸ்

எங்கள் ரோஸ் மில்க் கடைக்கு ஐஸ் மிஷின் வாங்கவேண்டி வந்ததற்கு ஒரு சணல் இழைதான் காரணம்.

பட்டுப்புடவைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் எங்கள் கடை. கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பம் காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்காது. நடுவில் புடவைக் கடைக்காரர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் எல்லாம் தட்டில் வைத்து அனுப்புவோம். இது அக்காவின் யோசனை. அவள் முன்பு அதே தெருவில் கவுண்டரில் நின்று புடவை பிரித்துக் காட்டியவள். பெண்ணின் அம்மாவுக்கு எப்போது தலைவலி ஆரம்பிக்கும், மாப்பிள்ளை வீட்டார் முகம் எப்போது சுருங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிட்னி இரண்டும் போன பிறகு அவளால் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டே நடத்தக்கூடிய கடையாகப் பார்த்து ஆரம்பித்தாள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு எந்த வேலையிலும் நிலைக்காமல் திரிந்துகொண்டிருந்த நான், "நானும் வரேன்க்கா" என்று ஒட்டிக்கொண்டேன்.

ஐஸ் ஃபாக்டரியிலிருந்து பார் ஐஸ் வரும். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைப்போம். அந்தச் சாக்கின் இழை ஒன்று யாரோ ஒரு சம்பந்தியம்மாவின் டம்ளரில் மிதந்துவிட்டது. புடவைக் கடை முதலாளி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வந்தார்.

"இழையெல்லாம் எங்க கடையில பாத்துக்கறோம்மா. நீ பாலை மட்டும் அனுப்பு" என்றார். "போட்டதுதான் போட்ட, சரிகை இழையா போட்டிருந்தா ரேட்டாவது ஏத்தியிருக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கப்புறம் அவர் கடையிலிருந்து போன் வரவில்லை.

அன்றைக்கே ஐஸ் மிஷின் தேட லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு நூறு கிலோ ஐஸ் என்று மிஷினில் போட்டிருப்பார்கள், ஆனால் அது குளுகுளு அறையில் வைத்துப் பார்த்த கணக்கு; நம்மூர் மே மாசத்தில், பால் காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு விழாது. மிஷின் மூச்சுவிடப் பின்னால் இடம் வேண்டும். உருகும் தண்ணீர் ஓட வழி வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, அதை அப்படியே விட்டால் உள்ளே உப்புப் படிந்து மிஷின் செத்துவிடும், ஆகவே உப்பை எடுக்கும் ஃபில்டர் ஒன்று தனியாக. இதையெல்லாம் அக்காவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. வாயில் ஐஸ் இருந்தது.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். குடிப்பது வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தேங்கிவிடும். அக்கா தன் பங்குத் தண்ணீரில் பாதியை ஐஸாக்கி வைத்துக்கொள்வாள். குடித்தால் ஒரு மடக்கு. ஐஸ் என்றால் வாயில் கொஞ்ச நேரம் இருக்கும். ஊருக்கெல்லாம் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டை நாக்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது பேச மாட்டாள். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாள்.

"கடிச்சி முழுங்கிட்டு எடுக்கா, ஆர்டர் போயிடும்" என்று நான் கத்துவேன்.

ஐஸ் கரைந்த பிறகு நிதானமாகச் சொல்வாள். "கடிச்சா போயிடும்டி."

வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ் நடுவில் வெள்ளையாக இருக்கும். நாக்கில் பட்டதுமே விரிசல் விட்டுப் பொடியாகிவிடும். அதில் அவளுக்கு எப்போதும் ஒரு குறை.

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துச் சென்னையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய சேல்ஸ் பையன் ஒருவன் மிஷின்களிலிருந்து அள்ளிக் கப்புகளில் கொண்டுவந்து வைத்தான்.

"இதுதான் மேடம் இப்ப ஓடுது. மெத்துனு இருக்கும், கடிச்சி சாப்பிடலாம். ஸ்டாக் இருக்குது, நாளைக்கே இறக்கிடலாம்."

நான் ஒரு வாய் அள்ளிப் போட்டு நறநறவென்று கடித்தேன். "அக்கா, செம. இதையே எடுத்துடலாம்."

அக்கா அதில் ஒன்றை வாயில் போட்டாள். சீக்கிரமே போய்விட்டது போலிருக்கிறது, கப்பைத் தள்ளி வைத்தாள். அடுத்ததில் சதுரமான கட்டிகள். கண்ணாடி மாதிரி, அந்தப் பக்கம் இருப்பது தெரியும். ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். அந்தப் பையன் சர்வீஸ் பற்றி ஆரம்பித்தான். அவள் விரலைத் தூக்கினாள்.

"மேடத்துக்குப் பல்லு வலிங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான்.

"இல்ல. டெஸ்ட் பண்றாங்க."

சிரித்தான். அப்புறம் அவள் இடது கையைப் பார்த்தான். ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். அவனும் கையைக் கட்டிக்கொண்டான். மூன்று பேரும் அந்த ஐஸுக்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.

"இது" என்றாள் அக்கா கடைசியில்.

"இது ஆர்டர் போட்டாதான் வரும் மேடம். ஒரு மாசம் ஆயிடும். ஐஸும் கொஞ்சம் கம்மியாதான் விழும்."

நான் விடவில்லை. நாளைக்கே வருவதை விட்டுவிட்டு எதற்கு ஒரு மாசம் என்று அங்கேயே சண்டை போட்டேன்.

"புடவை பாக்கறவங்க டம்ளரைக் கையில வாங்கிக்கினு மறந்துடுவாங்கடி" என்றாள் அக்கா. "அம்பது புடவை பிரிச்சப்புறம்தான் ஒரு வாய் குடிப்பாங்க. அதுக்குள்ள உன் ஐஸ் தண்ணியாயிடும். டம்ளர்ல கலர் தண்ணிதான் மிஞ்சும்."

அது சரியான பேச்சு. வியாபாரம் தெரிந்தவள் பேச்சு. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வேறொன்று கேட்டாள். "எவ்ளோ நேரம் நின்னுச்சு பாத்தியா?"

அந்த ஒரு மாசமும் தினம் கேட்டாள். "வண்டி கிளம்பிச்சாமா?" கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஆரம்பிக்கும்போது அவள் ஏற்கெனவே விழித்திருப்பாள். என்னைப் பார்த்ததும் அதே கேள்வி.

மிஷின் வந்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முந்தின நாள்தான் சேர்த்திருந்தோம். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள். "நீ கடைக்குப் போ, மிஷினை இறக்கு" என்று அவள்தான் என்னை விரட்டினாள்.

"முதல்ல விழற ஐஸைக் கொட்டிடும்மா. உள்ள புது மிஷின் வாசனை இருக்கும். ரெண்டு வாட்டி போவட்டும்" என்றார் மாட்ட வந்த மெக்கானிக். இரண்டு முறையும் கொட்டினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. கை சும்மா இராமல், மிஷினைப் படமெடுத்து எல்லாப் புடவைக் கடைக்கும் அனுப்பினேன். மூன்றாவது முறை சலசலவென்று விழுந்தது. ஃபிளாஸ்க் நிறைய அள்ளிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன்.

"வாயில ஒண்ணும் வெக்கக் கூடாதும்மா" என்றார் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை.

அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கண் என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கிலேயே இருந்தது. அவள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஃபிளாஸ்க்கை ஆட்டினேன். உள்ளே கட்டிகள் கலகலவென்று மோதிக்கொண்டன. அவள் ஒரு விரலைத் தூக்கினாள். சும்மா இரு என்றாளா, ஒன்று கொடு என்றாளா, தெரியவில்லை. மறுபடி ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

காலையில் அவள் இல்லை.

அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. தலைக்குக் குளித்துவிட்டு ஸ்கூட்டியைத் திறந்தபோது சீட்டுக்கு அடியில் அந்த ஃபிளாஸ்க் கிடந்தது. கொட்டிவிடலாம் என்று மூடியைத் திருகினேன். தண்ணீர்தான். அதில் ஒரே ஒரு கட்டி, மூலையெல்லாம் தேய்ந்து, புளியங்கொட்டை அளவுக்கு மிதந்தது. எடுத்து நாக்கின் மேல் வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. அந்தப் புடவைக் கடை முதலாளி. சணல் இழைக்கு அப்புறம் முதல் தடவையாக. நான் அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பார். வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

பல்லை விலக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. ஐஸ் இன்னும் இருந்தது.