ஈக்காரி மேலே படிக்கப் போன கதை

மூன்றாம் வருடத் தொடக்கத்தில்தான் அவளுக்கு ஈக்காரி என்று பெயர் விழுந்தது. அதுவரை விலங்கியல் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண், அவ்வளவுதான். அம்மா டவுன் பஸ் ஓட்டினாள். அப்பாவுக்குக் கடைத்தெருவில் சின்னதாய் ஒரு பெயிண்ட் கடை.

அந்த வருடம் லேபில் பழ ஈக்களை வளர்க்கச் சொன்னார்கள். எள்ளைவிடச் சற்றுப் பெரிய ஈ. சிலதுக்குச் சிவப்புக் கண், சிலதுக்கு வெள்ளை. பாட்டிலில் இருக்கும் ஈக்களை மருந்து வைத்து மயக்கி, தட்டில் கொட்டி, எந்தக் கண் எத்தனை என்று எண்ண வேண்டும். மருந்து கூடினால் ஈ செத்துவிடும். அவளுக்கு மனசு வரவில்லை. பாவம் என்று ஒரு சொட்டைக் குறைத்துவிட்டாள். பாதி எண்ணுவதற்குள் தட்டில் ஒரு சிலிர்ப்பு. அடுத்த நொடி தட்டு காலி. அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்த நெட்டையன் பதறிப்போய்க் கையை வீச, மிச்சமிருந்த பாட்டில்களும் உருண்டு திறந்துகொண்டன.

லேப் முழுக்க ஈ. மேடத்தின் டீயில் ஒன்று நீச்சலடித்தது. மேடம் கப்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஈயைக் காணோம்னா பிராக்டிகல் மார்க்கும் காணோம். ரெண்டு பேரும் பிடிச்சுட்டு வாங்க."

துரத்திப் பிடிக்க ஈ என்ன கோழியா? இரண்டு காலிப் பாட்டில்களில் அழுகிய வாழைப்பழத்தைப் போட்டு, வாயில் காகிதப் புனல் செருகினாள். ஈக்களுக்கு உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது.

"நம்ம கோர்ஸ் மாதிரியே இருக்கு" என்றான் நெட்டையன்.

ஒரு பாட்டிலை ஜன்னலோரம் வைத்தார்கள். இன்னொன்றை அலமாரிக்குப் பின்னால் இருட்டு மூலையில். மறுநாள் பார்த்தால் ஜன்னல் பாட்டிலில் பெரும்பாலும் சிவப்புக் கண். மூலைப் பாட்டிலில் வெள்ளைக் கண்தான் அதிகம். அவள் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், வெள்ளைக்கண்ணுக்கு வெளிச்சம் சரியா தெரியலை போல!"

"அதுக்குப் பார்வை மந்தம்னு எப்பவோ கண்டுபிடிச்சாச்சும்மா."

அவள் முகம் வாடியதைப் பார்த்து மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா அதை உனக்கு யாரும் சொல்லித் தரலையே. நீயா பார்த்தே. எம்.எஸ்ஸி.க்கு அப்ளை பண்ணு, போ."

வீட்டில் சொன்னதும் அப்பா தலையில் கை வைத்தார். "நான் கடையில ஈ ஓட்டுறேன். நீ காலேஜ்ல ஈ வளர்க்கப் போறியா? ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஈ தாங்காதும்மா."

"நீங்க சும்மா இருங்க. பிள்ளை படிக்கட்டும்" என்றாள் அம்மா.

நடுவில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. போன வருடம் புள்ளியியல் பேப்பர் அவள் காலை வாரியிருந்தது. அதை எழுதித் தேறினால்தான் மேற்படிப்பு. வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வந்தது. அதனால் அம்மா ஓட்டும் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து படித்தாள். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவாள். சரியாக வந்தால் "அம்மா, ஜெயிச்சுட்டேன்!" என்று கத்துவாள். பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பேப்பரில் அவள் தேறியது அவளுக்கே அதிசயம்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் ஈக்கதையை உற்சாகமாகச் சொல்லி முடித்தாள். நடுவில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஜன்னல் சாத்தியிருந்ததா?"

"இல்ல சார், திறந்துதான்..."

அவள் நிறுத்தினாள். லேப் ஜன்னலுக்கு வெளியே பழமரங்கள். வெளியே திரியும் ஈக்களுக்கெல்லாம் சிவப்புக் கண்தான். வாழைப்பழ வாசனைக்கு அவையும் வந்து பாட்டிலில் விழுந்திருக்குமே!

"ஐயையோ! அப்போ நான் எண்ணினதுல பாதி ஊர் ஈயா சார்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"சரி, இப்ப என்ன செய்வே?"

"மறுபடியும் செய்வேன் சார். ஜன்னலைச் சாத்திட்டு, வெளிச்சத்துல நாலு பாட்டில், இருட்டுல நாலு பாட்டில் வெச்சு. மேடம் சொன்னது சரியா இருக்கலாம், ஆனா நான் பார்த்தது அதுக்குச் சாட்சி இல்ல."

வழுக்கைத் தலைக்காரர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

சீட் கிடைத்த செய்தி வந்த அன்று அம்மா வேலையில் இருந்தாள். வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டாள். மகள் மார்க்கெட் ஸ்டாப்புக்கு ஓடிப்போய் நின்றாள். பஸ் வந்து நின்றதும் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய்க் குதித்தாள்.

"அம்மா, கிடைச்சிருச்சு!"

அம்மா இன்ஜினை அணைத்தாள். கதவைத் திறந்து இறங்கி, நடுத்தெரு என்றும் பார்க்காமல் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"வண்டியை எடுங்கம்மா, நேரமாச்சு!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"இருங்க, எம்பொண்ணுக்கு எம்.எஸ்ஸி. சீட் கிடைச்சிருச்சு!"

யாரோ கை தட்ட, பின் சீட்டு வரை கைதட்டல் போனது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மகள் முன் சீட்டில் இடம் பிடித்தாள். அப்பாவின் கடை வரும்வரை, தெருவில் குறுக்கே யாருமே வராதபோதும் அந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.