பாத்மாகான் கேட்காமல் விட்டது

என் தங்கை பாத்மாகானைப் போல வேர் தோண்டத் தெரிந்தவர்கள் எங்கள் நாரின் என்ற ஊர்ப் பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சாண் வேரை நுனி முறியாமல் எடுப்பாள்.

மஞ்சளாகப் பூத்துப் பஞ்சாகப் பறக்கும் டான்டிலியனை நாங்கள் காக்கிம் என்போம். வசந்தத்தில் இளம் இலையை உப்புநீரில் ஊறவைத்துத் தயிரோடு தின்போம். பனி விழுமுன் தோண்டிய வேர் கஷாயத்துக்கு. ஒரு கரண்டி வேருக்கு இரண்டு கிண்ணம் தண்ணீர். அது ஒரு கிண்ணமாக வற்ற வேண்டும்.

காமாலை என்று வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"வெளிக்குப் போறது என்ன நிறம்?"

பக்கத்து வீட்டுக் கானிமெத் ஒருமுறை முறைத்தான். "குதிரை வாங்கறவன்கூட இப்படி விசாரிக்க மாட்டான்."

"சொல்லுங்க, வேர் தரேன். இல்லாட்டி நடையைக் கட்டுங்க."

வெள்ளைக் களிமண் மாதிரி என்றால் தரமாட்டாள். பித்தம் இறங்கும் வழி அடைத்திருக்கிறது, வேர் பித்தத்தை இன்னும் பெருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடு என்பாள். பன்னிரண்டு வருடத்தில் ஆறு பேரை அப்படி அனுப்பினாள். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

போன மார்ச்சில் அவள் மாமனார் பாய்மிர்சாவுக்குக் கண் மஞ்சளானது. மருமகள் மாமனார் பெயரையே வாயால் சொல்லக்கூடாது. இதை எப்படிக் கேட்பாள்? புருஷன் எசென்குலிடம் சொன்னாள்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க."

மறுநாள் வந்து, "நல்லாத்தான் இருக்காம்" என்றான்.

"நிறம்?"

"அதான் நல்லாத்தான்னு சொல்றேனே. குட்டி போடற ஆடு அங்க நிக்குது, என்னை விடு."

அதை நம்பி ஒன்பது நாள் கஷாயம் கொடுத்தாள். பத்தாம் நாள் கிழவருக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. அவள் நேராகக் கொல்லைக்குப் போய்த் தானே பார்த்தாள். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கிறது, முதல் வாரமே வந்திருந்தால் கல்லை எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் கிழவர் போய்விட்டார்.

சாவுக்குக் கூடாரம் போட்டார்கள். எசென்குலைத் தனியே இழுத்துக் கேட்டேன்.

"மாப்ளே, உண்மையா கேட்டியா?"

தரையைப் பார்த்தான். "அப்பாகிட்ட எப்படி மச்சான் அதைக் கேக்கறது?"

அதைக் கூட்டத்தில் சொல்லக் கிளம்பினேன். பாத்மாகான் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. அப்பனைக் கொன்னவன்னு பேராயிடும். நான் அவரோட வாழணும். கொல்லைக்கு முதல் நாளே நான் போயிருக்கலாம்ல?"

கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மருமகள் முறைக்கு அவள் குரலெடுத்ததும் கிழவரின் தங்கை திரும்பினாள்.

"நீ பாடாதே. உன் வேரே போதும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாள் அப்படியே, சுவரைப் பார்த்தபடி இருந்தாள். ஆண்கள் முறைப்படி வெளியே தடியூன்றி நின்ற எசென்குல், வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தான்.