செத்தவர் பட்டியலில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்த அப்பா

ஆமத்தூருக்கு அருகே, பிறர் காட்டில் கூலி வேலை பார்த்த பெற்றோருக்கு மகனாக அப்பா பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. பதினைந்து வயதிலேயே ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினார். கைநாட்டு வைத்தவர், என்னைப் பட்டதாரி ஆக்கினார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. அதைக் கூச்சமில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

அதே கம்பெனியில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, போர்மேன். தீபாவளி சீசனில் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அவர் ஒன்பது பேரை உட்கார வைத்தார். அறை வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் எல்லோரும் நாலு என்றார்கள். அப்பா மட்டும் ஒன்பது என்றார். பெரியப்பாவின் வேலை போனது.

எங்கள் பங்காளிகளின் வம்ச விவரம் ஒரு மென்பொருளில் இருக்கிறது. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்க இடம் ஒதுக்குவது அதைப் பார்த்துத்தான். அன்று அது பெரியப்பாவின் பொறுப்பு. அடுத்த மாசித் திருவிழாவுக்கு நாங்கள் பானையோடு போனபோது, அப்பாவின் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்றிருந்தது.

"செத்தவனுக்கு எங்கன பானை வைக்க?" என்று பெரியப்பா சிரித்தார்.

நான் சண்டைக்குப் போனேன். "வா தாயி, செத்தவன் நடந்து போறத அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்" என்று அப்பா என் கையைப் பிடித்தார். ஆனாலும் ஆறு மாசியும் பானையோடு போனார். ஆறு முறையும் அப்படியே திரும்பினார். சென்ற ஆண்டு நுரையீரல் நோயில் உண்மையாகவே காலமானார்.

அதன் பிறகு, படித்தவள் என்று பங்காளிகள் அந்த மென்பொருளை என்னிடம் ஒப்படைத்தார்கள். அப்பா இறந்த சரியான நாளைப் பதிந்தேன். அந்த ஆறு ஆண்டுகளும் அவர் வாழ்ந்தார் என்றும், எதற்காகச் சாகடிக்கப்பட்டார் என்றும், அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் அவர் பெயரின் கீழ் எழுதினேன்.

பெரியப்பா போன் செய்தார். "ஏத்தா, அத எடுத்துரு. சம்பந்தக்காரகல்லாம் பாக்காக."

"உசுரோட இருக்கவுக விவரத்தத்தான் அந்த மென்பொருள் மறைக்கும் பெரியப்பா. செத்தவுக விவரத்த யாரும் பாக்கலாம். அப்பாவச் சாகடிச்சப்பவே ஒங்களுக்குத் தெரியும்ல?"

அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற வேன் தோழர்களுக்கும், இறுதிவரை உடனிருந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரின் ஒரு பிரதி பெரியப்பாவுக்கும் போகிறது. அவர் பெயருக்கு எதிரே 'வாழ்கிறார்' என்றே வைத்திருக்கிறேன். நெடுங்காலம் வாழட்டும், அப்பா பெயரின் கீழ் இருப்பதை ஒவ்வொரு மாசிக்கும் ஊரார் வாசிக்கக் கேட்கட்டும்.