கிகுயோவின் புதன்கிழமை

அசாய் கிகுயோ யாருக்கும் பாட்டி இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை பெறவில்லை, ஆகவே பேரன் பேத்திக்கும் வழியில்லை. எழுபத்தொன்பது வயது வரை இந்த நிலைமையைக் கட்டிக் காப்பாற்றியவர். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள், காலை எட்டே முக்காலுக்கு, சூரியகாந்திப் பூ வரைந்த வெள்ளை வேன் ஒன்று ஜப்பானின் இச்சினோமியாவில் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கி, தெருவே கேட்கும்படி, "பாட்டிம்மா, போலாமா?" என்பாள்.

வேன் சூரியகாந்தி பகல் இல்லத்தைச் சேர்ந்தது. காலையில் வயதானவர்களை அள்ளிக்கொண்டு போய், ரத்த அழுத்தம் பார்த்து, குளிப்பாட்டி, சோறு போட்டு, பலூன் தட்ட வைத்து, நாலு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு மழலையர் பள்ளி மூடினால் அடுத்த மாதமே அந்தக் கட்டடத்தில் ஒரு பகல் இல்லம் திறந்துவிடும். சுவரில் இருக்கும் முயல் படத்தைக்கூட அழிப்பதில்லை. அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கிகுயோ இதில் மாட்டியது உண்மை பேசியதால்தான். நகராட்சியிலிருந்து இருபத்தைந்து கேள்விகளோடு ஒரு தாள் வந்தது. கடந்த ஓராண்டில் கீழே விழுந்தீர்களா என்று ஒரு கேள்வி. குப்பை வண்டி போய்விடுமே என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, வாசற்படியில் தடுக்கி ஒருமுறை விழுந்தது நினைவுக்கு வர, 'ஆம்' என்று வட்டமிட்டார். குப்பை வண்டியைப் பற்றி எழுதத் தாளில் இடமில்லை. பத்தாம் நாள் சூரியகாந்தியின் மேலாளர் நிவா வந்து, வாசலில் மண்டியிடாத குறையாக வணங்கி, ஒரே ஒரு நாள் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். நாற்பத்து நாலு வயது மனிதர், தலை தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து நிற்கிறார். அவரை எப்படி நிமிர்த்துவது? சரி என்று சொன்னால்தான் நிமிர்வார்.

பதினைந்து வயதில் கம்பளி ஆலையில் சேர்ந்தவர் கிகுயோ. சாய்ந்த மேசையில் விரித்த துணியில் பழுது கண்டுபிடிப்பது அவர் வேலை. கண்ணுக்குத் தெரியாத முடிச்சை விரல் நுனியால் பிடித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிடுவார். தறிக்காரர்கள் அவர் எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் இப்படி. ஆனால் அந்தக் கறாரெல்லாம் துணியோடு சரி. மனிதரிடம் குறை சொன்னால் மனிதரின் முகம் வாடும். துணிக்கு முகமில்லை.

சூரியகாந்தியிலோ எல்லாவற்றுக்கும் முகம் உண்டு. மாலையில் வேன் ஏறுமுன் ஆளுக்கொரு தாள் தருவார்கள். இன்றைய நாள் எப்படி இருந்தது? கீழே ஐந்து வட்ட முகங்கள், வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பதில் தொடங்கிக் கண்ணீர் விடுவதில் முடியும். காலையிலிருந்து குளிப்பாட்டி, சோறு பரிமாறி, செருப்பு மாட்டிவிட்ட அதே பெண், பேனாவை நீட்டியபடி பக்கத்திலேயே நிற்பாள். இரண்டாவது முகத்தில் டிக் அடித்தால்கூட அவள் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே முப்பது பேரும் முதல் முகத்திலேயே டிக் அடிப்பார்கள். கிகுயோவும் அடித்தார். பலூன் தட்டிய நாளிலும் அடித்தார். சாப்பிடுமுன் நாக்கு சுறுசுறுப்பாக இருக்க முப்பது பேரும் சேர்ந்து 'ப-த-க-ர, ப-த-க-ர' என்று கத்திய நாளிலும் அடித்தார்.

இவ்வளவு சந்தோஷப்படுகிறவரை வாரத்தில் ஒரு நாள் மட்டும் அழைப்பது தர்மமா? திங்கள் என்று இருந்தது வெள்ளியையும் சேர்த்துக்கொண்டது. பிறகு செவ்வாய். ஒவ்வொரு முறையும் நிவா வந்து குனிந்தார், ஒவ்வொரு முறையும் கிகுயோ அவரை நிமிர்த்தினார்.

இப்போது நிவா புதன்கிழமையைக் கேட்டு வந்திருந்தார். நகோயாவில் இருக்கும் அண்ணன் மகள் சயோகோவுக்குச் செய்தி அதற்கு முன்பே போய்விட்டது.

"அத்தை, உங்க அறிக்கை வந்துச்சு. பதினோரு மாசமா ஒரு குறைகூட இல்லையாமே. புதன்கிழமையும் போங்களேன், எனக்கும் ஆபீஸ்ல நிம்மதியா இருக்கும்" என்றாள் சயோகோ போனில்.

"புதன்கிழமை எனக்கு ஜோலி இருக்குடி."

"என்ன ஜோலி?"

அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக் கிகுயோ போனை வைத்தார். ஜோலி என்பது காப்பி குடிப்பது.

ரயிலடிக்குப் பின்னால் 'வியன்னா' என்று ஒரு காப்பிக் கடை. எங்கள் ஊரில் காலைக் காப்பி கேட்டால் ரொட்டியும் அவித்த முட்டையும் கேட்காமலேயே வரும். வராவிட்டால் அந்தக் கடை ஊருக்குப் புதிது என்று அர்த்தம். வியன்னாவில் ரொட்டிமேல் இனிப்புச் சிவப்புப் பயறை அப்பி, ஓரத்தில் நாலு வேர்க்கடலையும் வைப்பார்கள். கடைக்காரர் குனோவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆலை ஓடிய காலத்தில் தட்டு கழுவும் பையனாக அந்தக் கடையில் இருந்தவர். அன்று கிகுயோவை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே இன்றும் கூப்பிடுவார்.

"வா அக்கா. ஜன்னலோரம் காலியாத்தான் இருக்கு. அங்க வேற எவன் உக்காரப் போறான்?"

"நீ போடற காப்பிக்கு நானும் உக்காரக் கூடாதுதான்."

"ஐம்பது வருஷமா இதையே சொல்லிட்டு ரெண்டாவது கப்பும் கேக்கறே."

அந்த ஜன்னலோரம் கிகுயோ வாரத்துக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பார். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள், ரத்த அழுத்தம் பார்க்க மாட்டார்கள், கைதட்ட மாட்டார்கள். பத்தரைக்கு எழுந்து தன் காலால் நடந்து வீடு போவார். வாரத்தில் அவருக்கென்று மிச்சம் இருந்தது இந்த ஒரு காலைப்பொழுதுதான். வியாழனும் சனியும் ஞாயிறும் வீட்டில் இருந்தாலும் உடம்பு அலுப்பில் கழிந்துவிடும். சும்மா உட்கார வைத்து ஒருவரைக் களைப்படையச் செய்வதில் சூரியகாந்தியை மிஞ்ச ஆளில்லை.

புதன்கிழமையை விடக் கூடாது என்று முடிவு செய்தார். நேரில் முடியாது என்று சொல்ல வாய் வராது. நிவா குனிந்துவிடுவார். தாள் குனியாது. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பேனாவை வாங்கி, முதல் முகத்தைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, நாலாவதில் டிக் அடித்தார். ஐந்தாவது அழுகிற முகம். அதில் அடிப்பது மரியாதையில்லை.

பக்கத்து நாற்காலியில் த்சுசுகி. எண்பத்தாறு வயது, முன்னாள் முடிதிருத்துபவர். எட்டிப் பார்த்தார்.

"கிகு-சான், கை தவறிடுச்சா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு அழுவா."

"உங்களுக்கு பலூன் தட்டறது பிடிச்சிருக்கா, த்சுசுகி-சான்?"

த்சுசுகி இரண்டு பக்கமும் பார்த்தார். "நாப்பது வருஷம் சவரக்கத்தி பிடிச்ச கை இது. பலூனைக் கண்டாலே கீறிடணும்னு வருது."

"அப்புறம் ஏன் மொத முகத்துல டிக் அடிக்கறீங்க?"

"உங்களுக்கெல்லாம் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். நான் ஒருத்தன் எதுக்குக் கெடுக்கணும்?" என்றவர், தன் தாளில் முதல் முகத்தைத் தேடி டிக் அடித்து, மடித்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வாசல் மணி அடித்தது. நிவா கறுப்பு கோட்டு சூட்டில் நின்றார். பின்னால் மூன்று ஊழியர்கள், அதில் பேனா நீட்டும் பெண்ணும் ஒருத்தி, கண் வீங்கியிருந்தது. நிவாவின் கையில், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டு போகும் இனிப்புப் பயற்றுக் களிப் பெட்டி, துணியில் சுற்றி. நாலு பேரும் ஒரே நேரத்தில் இடுப்பை மடித்துக் குனிந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, உருட்டிக்கொண்டு போனார்.

"எங்களால உங்க மனசு புண்பட்டிருக்கு. அதுக்கு மன்னிப்பே கிடையாது" என்றார் நிவா தரையைப் பார்த்தபடி.

"அய்யோ, நிமிருங்க. உள்ள வாங்க."

"உள்ள வர அருகதை இல்ல எங்களுக்கு. எங்க தப்பு பண்ணினோம்னு மட்டும் சொல்லுங்க பாட்டிம்மா. திருத்திக்கறோம்."

கிகுயோ நாலு முதுகுகளையும் பார்த்தார். எல்லாமே தப்பு, நான் வரவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான். பேனாக்காரப் பெண்ணின் குனிந்த தலையில் வகிடு கோணலாக இருந்தது. அழுதுகொண்டே சீவியிருக்கிறாள். இவ்வளவு தூரம் குனிந்தவர்களுக்கு ஏதாவது ஒரு தப்பைக் கொடுத்தாக வேண்டும். இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"உங்க காப்பி... கொஞ்சம் தண்ணியா இருக்கு."

நிவா நிமிர்ந்தார். இரண்டு கண்ணிலும் நீர். "காப்பி" என்று திரும்பச் சொன்னார், புதையலுக்கு வழி தெரிந்தவர் போல. "மூணு வாரம் டைம் குடுங்க."

அந்த மூன்று வாரமும் புதன்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரே ஒரு நாலாவது முகம் போதும், ஒரு மனிதப் பிறவியை நிம்மதியாக விட்டுவிடுவார்கள் போலும் என்று கிகுயோ நினைத்தார். பயற்றுக் களியை மெல்லிசாக வெட்டி, நாளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டு முடித்தார்.

நாலாவது புதன்கிழமை வழக்கம்போல் வியன்னாவுக்கு நடந்தார். இரும்புக் கதவு இறங்கியிருந்தது. குனோவின் கையெழுத்தில் ஓர் அட்டை: புதன்தோறும் விடுமுறை. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ஓரமாக வெள்ளை வேன் நின்றது. பேனாக்காரப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கதான் வருவீங்கன்னு குனோ-சான் சொன்னாரு. ஏறுங்க பாட்டிம்மா, எல்லாரும் உங்களுக்காகக் காத்திட்டிருக்காங்க."

முயல் படத்துக்குக் கீழே மேசைகளைப் போட்டுச் சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். அட்டையில் வெட்டிய பலகையில் 'வியன்னா'. அதன் பின்னால் குனோ, கழுத்தில் வில் முடிச்சு, நெஞ்சில் சூரியகாந்திச் சின்னம். கிகுயோ உள்ளே நுழைந்ததும் முப்பது பேரும் கைதட்டினார்கள். நம் கிகு பாட்டியின் ஆலோசனையால் பிறந்த புதன்கிழமைக் காப்பிக் கடை என்று நிவா அறிவித்தார். குனோவுக்கும் கிகுயோவுக்கும் நடுவில் நின்று ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டார்.

ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியே வேன் தெரிந்தது. ரொட்டியை நாலாக வெட்டி, ஓரத்தை நீக்கி, பல்லுக்கு மெத்தென்று இருக்கப் பாலில் நனைத்திருந்தார்கள். கடலை கிடையாது, தொண்டையில் சிக்கும். காப்பி மட்டும் அதே காப்பி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம்.

குனோ கப்பை வைக்கும்போது குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"கோபமா அக்கா?"

"நீயுமாடா?"

"ஒரு காலைக்கு எட்டு பேர் வர்றாங்க கடைக்கு. அதுல மூணு பேர் பேப்பர் படிக்க. முட்டி வேற மடங்க மாட்டேங்குது. இங்க முப்பது கப்பு, ஒரே எடத்துல நின்னு ஊத்தினா போதும். மத்தியானச் சோறும் போடறாங்க." குனோ கிகுயோவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "நீ எங்க காப்பி குடிக்கறேன்னு ஊர்ல விசாரிச்சுக்கிட்டு, உன் பேரைச் சொல்லித்தான் வந்து கேட்டாங்க. உனக்காகத்தான் இந்த ஏற்பாடுன்னு தாள்ல எழுதியிருக்கு. நீ வந்தாத்தான் இது நடக்கும்னு நிவா-சான் சொல்றாரு."

"நான் வரலேன்னா?"

"வரலேன்னா புதன்கிழமை வேணாம்பாங்க." வில் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். "நான் கதவு தூக்கிட்டு மறுபடி எட்டு பேருக்கு ஊத்துவேன். அதுக்கென்ன, ஊத்தலாம். நீ உன் இஷ்டப்படி செய்."

அடுத்த மேசையில் த்சுசுகி வாழ்நாளில் காப்பியே பார்க்காதவர் போல இரண்டு கையாலும் கப்பைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் அந்த மனிதர் எதையாவது ருசித்து கிகுயோ பார்த்தது இதுதான் முதல் தடவை.

நிவா படிவத்தோடு வந்தார். புதன்கிழமைக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. கையெழுத்துக்கு அவசரமில்லை, யோசித்து அடுத்த வாரம் தரலாம் என்று ஆரம்பித்து, பழக்கத்தில் இடுப்பை மடிக்கத் தொடங்கினார்.

"குனிய வேணாம்" என்றார் கிகுயோ. "பேனாவை இப்படிக் குடுங்க."