தலைநகரம் விழுந்த ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கம்பிவடத்தைச் சரிபார்ப்பார், கை நடுங்காது. அந்த மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மவுஸைப் பிடிக்க முடியாமல் உதறியதைப் பார்த்தேன்.

நாலு பேர் சேர்ந்து கம்ப்யூட்டரில் ராஜா விளையாட்டு ஆடுகிறார்கள். பழைய காலத்து நாடுகள், கோட்டைகள், தூதுகள், சண்டைகள். இவருக்கு ஒரு நாடு, என் கொழுந்தனுக்கு ஒன்று, என் அண்ணனுக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒன்று. தலைநகரை இழந்தவர் வெளியே போய்விட வேண்டும், அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவார். அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது.

எக்கேடும் கெடுங்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் மூன்று வருஷமாக இவரும் இவர் தம்பியும் பேசிக்கொள்வது அதற்குள் மட்டும்தான். மாமியாருக்கு ஆபரேஷன் என்றபோது இவர் தம்பியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மாமியார் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து கொழுந்தன் இவரைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான், போனையும் எடுக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், "மாமன்னருக்கு வணக்கம். தங்கள் எல்லையில் அனைவரும் நலமா?" என்று தூது வரும். அதைப் படித்த வாரம் முழுக்க இவர் வயிறாரச் சாப்பிடுவார்.

அப்படிப்பட்டவருக்குப் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. போன மாதம் ஆற்று முகத்துவாரக் கோட்டையைப் பிடித்தார். அது தனக்கு வேண்டுமென்று தம்பி எப்போதோ வரைபடத்தில் குறித்துவைத்த கோட்டை.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா வேணாம்பான். அதான் கேக்கல."

அதோடு விட்டாரா? பக்கத்தில் இரண்டு ஊர்களையும் விழுங்கினார். ஒருவர் இப்படி அவசர அவசரமாக விழுங்கினால், மற்றவர்கள் பயந்துபோய் எதிர்க்கூட்டணி சேர்ந்துவிடுவார்களாம். மூன்று பேரும் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைநகரைச் சுற்றி மூன்று நிறத்தில் கொடி. கூட்டணியை உடைக்க இருந்தது ஒரே வழி. யாராவது ஒருவரோடு தனியாகச் சமாதானம் பேசி விலக்க வேண்டும். விலகியவர் விளையாட்டுக் கணக்கில் ஐந்து வருஷம் நம்மேல் கை வைக்க முடியாது. கண்ணாடிக் கடைக்காரருக்கு உப்பளத்தைத் தருகிறேன் என்று எழுதினார். பதிலே இல்லை. வெட்கத்தை விட்டு நானே என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தங்கச்சி புருஷனாச்சேன்னு கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."

"அது வேற, இது வேறம்மா. இன்னைக்கு விட்டா மாப்பிள்ளை நாளைக்கு என்னையே முழுங்கிடுவாரு. போனை வை."

கூடப் பிறந்தவனாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கடைசியில் தம்பிக்கே எழுதினார். கோட்டையைத் திருப்பித் தருகிறேன், துறைமுகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், விலகிவிடுங்கள் மன்னா என்று கெஞ்சினார். மதிலில் இரண்டாவது உடைப்பு விழுந்தபோது பதில் வந்தது. அதில் மன்னரும் இல்லை, வணக்கமும் இல்லை.

"கோட்டை வேணாம் அண்ணா. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடும்போது ஏன் என்னைக் கேக்கல? அதை மட்டும் சொல்லு."

டாக்டர் அவசரப்படுத்தினார் என்று கீபோர்டில் அடித்தார் இவர்.

"பொய் எழுதாதீங்க," என்றேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாதா?

அதை அழித்தார். மதில் சரிந்துகொண்டிருந்தது. "கேட்டா நீ வேணாம்பேன்னு" என்பதுவரை அடித்துவிட்டார். அனுப்புவதற்குள் திரை கறுத்தது. தலைநகரம் விழுந்துவிட்டது. கடிதப் பெட்டியும் மூடிக்கொண்டது.

"போச்சு. எல்லாம் போச்சு," என்று தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமியார் செத்தபோதுகூட இப்படி அழவில்லை.

"நாலு தெரு தள்ளித்தானே இருக்கான்? நேர்ல போய்ச் சொல்லுங்க."

"எந்த முகத்தோட போய் நிப்பேன்? ராஜாவா இருந்தப்போ எழுத முடிஞ்சுது. இப்ப நான் யாரு அவனுக்கு?"

"அவன் உங்களை என்னன்னு கூப்பிட்டு எழுதினான்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணான்னு," என்றார்.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை. சொன்னால் அதைச் சரிசெய்கிறேன் என்று திரும்பவும் உட்கார்ந்துவிடுவார்.