ஒடித்து நட்ட தக்காளி

நாற்று விற்கிறவன் என்ன விற்றான் என்பது வாங்கியவருக்குத் தெரிய இரண்டு மாதம் ஆகும். அதுவரை அவனைத் திருடனாகவே வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் நான் குமுளி மலைக்குக் கீழே இருக்கும் கூடலூரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அது சோறு போடாது என்பதால் வீட்டுக் கொல்லையில் தக்காளி நாற்றும் வளர்த்து விற்றேன். நான் அனுப்பிய செய்தியைச் சந்தேகப்பட்டவர்கள் சிலர்தான். நாற்றைச் சந்தேகப்படாதவர் ஒருவரும் இல்லை. வீட்டில் நாற்று வளர்த்து நாலு பேருக்குக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. ஆறுதலாக இருந்தால் சரி.

பானைக்குள் என்ன?

நல்ல விதை வேண்டுமென்றால் பழுத்த பழத்தைப் பிசைந்து, சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு அப்போதுதான் கழலும். பிறகு அலசி, மிதக்கிற சொத்தையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. இதில் ஒரே இடைஞ்சல், வாடை. அது நம் வீட்டோடு நிற்காது.

அப்படி ஒரு காலையில் காவலர் ஒருவர் வந்து நின்றார். எல்லைப் பக்கத்து ஊரில் புளித்த வாடை வந்தால் சாராய ஊறல் என்றுதான் முதலில் தோன்றும். தெருவில் யாரோ பொறுப்போடு தகவல் சொல்லியிருக்கிறார்கள். பானையைத் திறந்து காட்டினேன். நுரைத்துக் கிடந்த தக்காளியைக் குச்சியால் கிளறினார். முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். விதை எடுக்கும் முறையை முதலிலிருந்து கடைசி வரை விளக்கினேன். அவர் பானையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வரை போனவர் திரும்பிக் கேட்டார்: "வெதைக்குன்னா சரி சார். அப்புறம் எதுக்கு மூடி போட்டு வச்சிருக்கீக?"

தாய்ச் செடியைக் காட்டு

பாண்டியம்மாள் அக்கா அடுத்த தெரு. கணவர் இறந்துவிட்டார். கிணற்றோடு சேர்ந்த ஒரு துண்டு நிலம் மட்டும் உண்டு. அதில் விளைகிற தக்காளியைக் கூடையில் கட்டி, காலையில் ஜீப்பில் ஏற்றிக் குமுளி ஓட்டல்களில் போட்டுவிட்டு வருவார். அந்த நிலம் ஒரு போகம் கையை விரித்தால் அடுத்த போகம் வரை அவர் வீட்டு அடுப்புக்கு வேறு வழியில்லை. அதனால் நாற்றுக்குச் சொல்ல வந்தவர் தாய்ச் செடியைக் காட்டச் சொன்னார்.

கொல்லைக்கு அழைத்துப் போனேன். இலையைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பழத்தைப் பறித்து முந்தானையில் துடைத்துத் தின்றார். சந்தேகம் தீராமல் இன்னொன்றும் தின்றார். "நாட்டுத் தக்காளி, வருசா வருசம் நானே வெதை எடுக்குறது" என்றேன். அவர் பார்வை வேலியைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் அங்கே ஹைபிரிட் செடி வைத்திருந்தார். தேனீக்கள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தன. அக்கா அவற்றைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சொன்னார்: "தாய் நல்லாத்தேன் இருக்கு தம்பி. தகப்பன் யாரு?"

சாரல் செய்த வேலை

இருந்தாலும் நாற்றுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். விதைத்தேன். அந்த வருடம் குமுளிச் சாரல் மலையிலேயே நிற்காமல் ஊருக்குள் இறங்கி, விடாமல் தூறியது. முளைத்த நாற்றெல்லாம் தண்டின் அடி அழுகி, படுத்த மாதிரி சாய்ந்துவிட்டது. இதற்குள் ஆற்றில் தண்ணீர் திறந்து, அக்காவின் கிணறு ஏறி, நிலமும் உழுது கிடந்தது. மறுபடி விதைத்தால் பருவம் தப்பும். வேறு இடத்தில் இருந்த நாற்றுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் சொல்லியாகிவிட்டது.

ஒரு வழிதான் இருந்தது. தக்காளிச் செடியில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே பக்கக் கொழுந்து வரும். சாண் நீளத்தில் அதை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் செருகி நிழலில் வைத்தால் வேர்விடும். இருந்த தாய்ச் செடிகளை எல்லாம் மொட்டையாக்கி மணலில் செருகிவிட்டு, அக்காவை அழைத்து விவரம் சொன்னேன். திராட்சைக் குச்சியை ஒடித்து நட்டே கொடியாக்குகிற பள்ளத்தாக்கு இது. அதனால் உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அக்கா மணலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாத்து அழுகிப்போச்சுன்னு செடிய ஒடிச்சு என் தலையில கட்டுறீக. எத்தனை பேருக்கு இப்புடிக் கட்டுனீக?"

வேர் இருக்கிறதா?

வேர் வந்தது. அக்கா வேண்டா வெறுப்பாக வாங்கிப்போய் நட்டார். இது காய்க்காவிட்டால் கூடலூரில் என் நாற்றை ஆடு மட்டும்தான் தொடும் என்று எனக்கும் தெரியும். ஒரு வாரம் விட்டுப் போய்ப் பார்த்தேன். வரிசையில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி இடைவெளி. வாடிய செடி வரப்பில் கிடந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வேர் இருக்கான்னு தெனம் ஒண்ணு பிடுங்கிப் பாத்தேன்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. திருப்பி வச்சேன், செத்துப்போச்சு. பாத்ததுக்கே சாகுதே, இது என்ன நாத்து?"

மொக்கைச்சாமியின் கத்திரி

பிடுங்காமல் விட்ட செடிகள் பிழைத்தன. அடுத்த நிலத்து விதை நாற்று பூவெடுக்கும் முன்பே இவை பிஞ்சு பிடித்தன. ஒடித்து நட்ட செடி அப்படித்தான், அதற்குத் தாயின் வயது. கூடைகள் ஜீப் ஏறின. அக்கா நன்றி சொல்லவில்லை. இவ்வளவு சீக்கிரம் காய்க்க என்ன மருந்து வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அறுவடை ஓய்ந்த நேரத்தில் அவருடைய கொழுந்தனார் மொக்கைச்சாமி வந்தார். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். குச்சியிலிருந்து வந்த செடி என்று கேள்விப்பட்டதும், திராட்சைக்குச் செய்வதைப் போலவே கத்திரியை எடுத்து ஒவ்வொன்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்துவிட்டார். நான் போனபோது நிலம் முழுக்க வெறும் கட்டை. "அண்ணே, தக்காளி ஒரு போகத்துச் செடிண்ணே" என்றேன். அவர் கத்திரியைத் துடைத்தபடி அக்காவிடம் சொன்னார்: "மதினி, குச்சியில வந்தது பதினஞ்சு வருசம் நிக்கும். ஒரு போகத்துல சாகும்னு நாத்துக்காரன் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

எழுதிக் கொடுங்கள்

எனக்குப் பயம் வந்தது. கட்டையை நம்பி உட்கார்ந்தால் அடுத்த போகம் அக்காவின் கூடை காலிதான். பழைய கட்டையில் வருவது சூம்பிப்போகும், நோயும் தங்கியிருக்கும்; பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது நாற்று நடுங்கள் என்று இரண்டு தடவை வீட்டுக்கே போய்ச் சொன்னேன். இரண்டாம் தடவை, பத்திரிகைக்காரன்தானே, அதையே பேப்பரில் எழுதிக் கொடுங்கள், கையெழுத்தும் போடுங்கள் என்றார். எழுதி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு நீக இல்லேன்னு சொல்லாம இருக்கத்தேன். நாத்து விக்கிறதுக்காக ஒரு மனுசன் ரெண்டு தடவ வீடு தேடி நடப்பானா?"

துப்பிவிட்டுப் போங்கள்

அதற்கப்புறம் அவர் என் பக்கம் வரவில்லை. கெட்டது குடி என்றே நினைத்திருந்தேன். சில மாதம் கழித்து ஒரு நாள் காலை, குமுளிப் பாதையில் இருக்கும் லோயர் கேம்ப் வரை போக ஜீப்புக்கு நின்றபோது, பாண்டியம்மாள் அக்கா கூடை கூடையாகத் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் வந்தது. கேட்டதும்தான் தெரிந்தது, கட்டைகள் ஒன்றும் காய்க்கவில்லை. ஆனால் அவற்றில் கொழுந்து வெடித்திருக்கிறது. நோய் இல்லாத கட்டையாகப் பார்த்து அக்கா அந்தக் கொழுந்துகளை ஒடித்து, வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் மணலில் செருகி, கொழுந்தனாருக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல், கட்டைகளைப் பிடுங்கிவிட்டு நிலம் முழுக்க நட்டுவிட்டார்.

"கட்டிலுக்கடியிலயா?"

"வாசல்ல வச்சா நீக பாப்பீகள்ல."

கூடையிலிருந்து நல்ல பழமாக ஒன்றை எடுத்து நீட்டினார். வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன் என்று பையைத் திறந்தேன். அக்கா பழத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். "இங்கனயே தின்னுட்டு, வெதையத் துப்பிட்டுப் போங்க தம்பி."

நம் நாற்றை ஒருவர் முழுதாக நம்பிவிட்டார் என்பதற்கு இந்தத் தொழிலில் உள்ள ஒரே அத்தாட்சி, அவர் நம்மிடம் வாங்குவதை நிறுத்திவிடுவதுதான்.